நீ போட்டுவைத்த ஆராம் குர்சி

என் ராசா சங்கரா,

உனக்கு மூன்றாவது வருஷத் திதி வருகிறது. தமிழ்ச் சங்கத்து மலரில் போட உன்னைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். "அவரைப் போல ஒரு மனுஷர் உண்டாம்மா? பெத்தவங்க நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்" என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். உன் பெண்டாட்டி மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் காபி கொடுத்தாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் படிப்பு அஞ்சாங்கிளாஸ். பிழை இருந்தால் இருக்கட்டும், ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது கொஞ்சம்தான். நீ குடித்ததில்லை. உன் அப்பா கிளார்க்காகவே தேய்ந்துபோன இந்த டில்லியில் நீ ஒரு கார்கோ கம்பெனிக்கு மேனேஜர் ஆனாய். ஜனக்புரியில் வீடு வாங்கினாய். என்னைக் கடைசிவரை உன்னோடு வைத்துக்கொண்டாய். உன் மகள் நித்யாவை உயிராக வளர்த்தாய். ஆயிற்று. இனி மற்றது.

நீ போன பிறகு நித்யா உன் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சிபாரிசில் இல்லை, நேர்காணல் எல்லாம் வைத்துத்தான் எடுத்தார்கள். உனக்குக் கீழே இருந்த குரானாதான் இப்போது உன் இடத்தில் இருக்கிறான். மருந்துப் பெட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை நித்யாவுடையது. வழியில் சூடு பட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகுமாம். ஏர்போர்ட்டில் ஒரு பெட்டி தாமதமானால் அவள் போனில் போடுகிற சத்தத்தில் நம் பால்கனிப் புறாக்கள் எழுந்து பறக்கும். "பையா, நான் உங்ககிட்ட கெஞ்சல. சொல்றேன்" என்பாள், அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிட்டே. கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? நான் என் ஆயுசில் ஒரு ஆம்பளையிடம் அப்படிப் பேசியதில்லை. உன்னிடம்கூட.

போன வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காது அப்படியே உன் காது. காதோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

லீவு முடிந்து நித்யா வேலைக்குத் திரும்பினாள். காலையில் துவாரகாவில் தன் வீட்டிலிருந்து வந்து குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு மெட்ரோ பிடிப்பாள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவாள். முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஆச்சி, ஜன்னல் ஓரமா சீட் குடுத்திருக்காங்க. ஒரு வேலையும் குடுக்கல. குரானா அங்கிள் சொல்றார், பேட்டா, பச்சைக் குழந்தை வச்சிருக்கே, ஆராம் கரோ, ஓய்வா இரு மகளேன்னு." மாலதிக்கு ஒரே சந்தோஷம். அப்பா பேருக்கு அங்கே அவ்வளவு மதிப்பு என்றாள்.

பிறகு வேலை வரும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. மருந்துப் பெட்டிகளை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், "ஜல்தி என்ன பேட்டா, என்ன அவசரம்?" திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் குழந்தைச் சட்டை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைந்தது. ஒருநாள் ஆபீசுக்கு இரண்டு வரி மெயில் எழுதிவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சரியாக இருக்கிறதா என்று படித்துக் காட்டினாள். புறாவை விரட்டின பெண் சங்கரா!

இன்னொரு நாள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள். "ஆச்சி, நான் முன்னாடி நல்லா வேலை பண்ணுவேன் இல்ல?"

இந்தக் கேள்வியைப் படிக்க உனக்கு எப்படி இருக்கிறது?

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிறந்த உடம்பு, அலுப்பு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "விட்டுடலாம்னு பாக்கறேன் ஆச்சி. அவங்க இவ்வளவு நல்லவங்களா இருக்காங்க, எனக்குத்தான் முடியல" என்றாள். கண் நிறைந்திருந்தது. "இன்னைக்குக்கூட அங்கிள் சொன்னார், இதுக்குப் பேரே ஆராம் குர்சி, ஓய்வு நாற்காலி, உன் அப்பா கண்டுபிடிச்சது, குழந்தை பெத்துட்டு வர்ற எல்லாப் பொண்ணுக்கும் குடுப்பார்னு. அப்பா எவ்வளவு கைண்ட் பாருங்க!"

என் கையிலிருந்த பால் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

ஆராம் குர்சி. அந்தப் பேரை நான் உன் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன், இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். தோசையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தாய். "ஒருத்தியையும் நான் போகச் சொன்னதில்லம்மா. சொன்னா சட்டம், வக்கீல்னு வருவா. ராணி மாதிரி ஜன்னல் ஓரமா உக்கார வச்சிருதேன். வேலை மட்டும் குடுக்க மாட்டேன். கொஞ்ச நாள்ல தனக்கு ஒண்ணும் தெரியலன்னு அவளே நெனச்சுக்கிடுவா. அவளே எழுதிக் குடுத்துட்டு, எனக்கு நன்றியும் சொல்லிட்டுப் போவா!"

"அவளுக்கு வேலைய குடுத்தா என்னலே?" என்று கேட்டேன்.

"அஞ்சாங்கிளாஸுக்கு ஆபீஸ் வெவகாரம் புரியாது. நீ சட்னிய ஊத்து" என்றாய். மாலதி சிரித்தாள். நான் ஊற்றினேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சுனிதா என்று ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்தாள். செய்ய ஒன்றும் இல்லாமல் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். "பாத்தியா, இவளுக ஆபீசுக்கு வர்றதே இதுக்குத்தான்" என்று மற்ற ஆம்பளைகளிடம் காட்டிச் சிரித்தாயாம். அதையும் நீயே சொன்னாய். ஹோலிக்கு முன்னால் அவள் வேலையை விட்டாள். போகும்போது, பின்னின நீல ஸ்வெட்டரை உனக்கே கொடுத்துவிட்டுப் போனாள், இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்கு. நீ வாங்கிக்கொண்டாய்! அதைப் போட்டுக்கொண்டுதான் குளிரில் நித்யாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாய்.

உன் மகள் இப்போது என் முன்னால் அழுதுகொண்டு நிற்கிறாள். சொல்லவா, வேண்டாமா? மாலதிக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லாதீய அத்த. அவளுக்கு அப்பான்னா சாமி. செத்த மனுஷன் பேரக் கெடுத்து உங்களுக்கு என்ன கெடைக்கப் போவுது?"

"இருக்கறவ சாகுதாளே, அதப் பாக்கலியா?"

"அன்னைக்கு நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீய?"

"நான் கேட்டேன். நீ சிரிச்ச. வழிய விடு."

சொன்னேன், சங்கரா. நீ சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன், சட்னி உட்பட. அவள் நம்பவில்லை. "பொய் சொல்றீங்க ஆச்சி. உங்களுக்கு அப்பாவப் பிடிக்காது" என்று கத்தினாள். "நீல ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கா?" என்றேன். இருந்தது. அந்த ஸ்வெட்டர் கைக்குள் விரலை விட்டுக்கொண்டுதான் அவள் ரோடு கடப்பாளாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். இரக்கப்படவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை, துவாரகாவில் ஏதோ கிரெச்சில் விட்டிருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். மாலதி என்னோடு பேச்சை நிறுத்தினாள். தட்டை மட்டும் டக்கென்று முன்னால் வைப்பாள். உன்னால் இந்த வயசில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

நித்யா சும்மா இருக்கவில்லை. ஆபீசில் பழைய ஆட்களிடம் விசாரித்து சுனிதாவின் நம்பரைக் கண்டுபிடித்து, உத்தம் நகரில் அவள் வீட்டுக்கே போயிருக்கிறாள். ஆச்சி சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் போனாள். திரும்பி நேராக இங்கே வந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னா? உங்கப்பன வஞ்சாளா?"

"இல்ல ஆச்சி. அப்பா போட்டோவ மொபைல்ல பாத்துட்டுக் கும்பிட்டாங்க. ஃபரிஷ்தாவாம், தேவதை மாதிரி மனுஷனாம். குழந்தை பிறந்தப்புறம் எனக்கு மூளையே வேலை செய்யல பேட்டா, வேற யாரா இருந்தாலும் துரத்தியிருப்பாங்க, உங்க அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லன்னு அழறாங்க. அதுக்கப்புறம் வேற வேலைக்கே போகலியாம், என்னால ஆகாதுன்னு. இப்ப புடவைக்கு ஃபால் தைக்கறாங்க." குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க அப்பாவத் திட்டியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் ஆச்சி. நான் பேசறதையே அவங்க பேசறாங்க."

கேட்டாயா? நித்யா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இன்றுவரை ஒரு பெண் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு உன்னைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கொலை செய்தவனுக்குக்கூட இவ்வளவு நாள் நன்றி கிடைத்ததில்லை.

"விட்டுட்டு வந்திரு. அந்தப் பாவிப்பய கம்பெனி வேண்டாம்" என்றேன். நித்யா நிமிர்ந்து பார்த்தாள். "ஆச்சி, நான் விடணும்னுதானே அந்த நாற்காலியே போட்டிருக்கு?" என்றாள். எனக்கு அது தோன்றவில்லை, சங்கரா. எங்கள் காலத்துப் புத்தி, அவமானம் என்றால் எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் ஓடும்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்குக் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தாளாம். குரானா வழக்கம்போல, "பேட்டா, நீ ஆராம் கரோ" என்றான்.

"சார், நான் உங்க பேட்டா இல்ல. என் பேரு நித்யா. அந்த நாற்காலி எங்கப்பா ஏற்பாடுன்னு சொன்னீங்க இல்ல? எதுக்குன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க. அப்பா வீட்டுல சாப்பிடும்போது சொல்லியிருக்கார், நீங்க மறந்திருந்தா நான் சொல்றேன்." சொன்னாள். ஸ்வெட்டர் உட்பட ஒன்று விடாமல் சொன்னாளாம்.

அவன், "அப்பா ஆத்மா என்ன பாடு படும்" என்றானாம். அதற்குள் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, கையைத் தூக்கினாள். "சார், எனக்கு நவம்பர்ல கல்யாணம். ஜன்னல் சீட் இப்பவே புக் பண்ணிக்கலாமா?" இன்னொருத்தி, "ஸ்வெட்டர் பின்ன உல்லன் நூலும் கம்பெனிலயே குடுப்பீங்களா சார்?" என்றாள். அந்த அறையில் ஆம்பளை பொம்பளை எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். குரானாவும் சிரிக்கப் பார்த்தானாம், வாய் ஒத்துழைக்கவில்லை. பம்பாய் தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "இந்தப் பெண்ணின் வேலை யாரிடம் இருக்கிறது, ஏன்?" என்று கேட்டாளாம்.

மருந்துப் பெட்டிகள் திரும்ப நித்யாவிடம் வந்துவிட்டன. குரானா வேறு வழி தேடுவான், அவளுக்கும் தெரியும். தேடட்டும். அந்த ஆபீசில் இப்போது யாராவது வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால், "என்னப்பா, சங்கர் சாப் சீட்டா?" என்று கேட்கிறார்களாம். நீ ஒருத்தியையும் எதிர்த்துப் பேச விடாமல் ஆண்ட இடத்தில் உன் பேர் கேலிப் பேச்சு ஆகிவிட்டது. நித்யா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள், நான் வருத்தப்படுவேனோ என்று. நான் சிரித்தேன். பொக்கை வாய் தெரியச் சிரித்தேன்.

உன்னைப் பெற்றபோது பட்ட வேதனை எனக்கு மறக்கவில்லை. நீ செத்தபோதும் இந்த வயிறு எரிந்தது. இப்போது ஒன்றே ஒன்றுதான் நினைக்கிறேன். நல்லவேளை நீ முந்திப் போய்விட்டாய். இருந்திருந்தால் உன் மகள் எதிரே எந்த முகத்தோடு தோசை தின்பாய்? இந்த மலரைப் புரட்டுகிற பெரிய மனுஷர்களில் எத்தனை பேர் ஆபீசில் இப்படி ஒரு ஜன்னல் ஓரம் இருந்தது? அவரவர் வீட்டில் மகளோ பேத்தியோ வேலைக்குப் போகிறாள்தானே?

திதிக்கு எள்ளும் தண்ணீரும் உனக்குக் கிடைக்கும். மாலதி வடை பாயசத்தோடு செய்வாள். நித்யா வருவாளா என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் சத்தியமாகச் செய்யப் போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் நித்யாவும் உத்தம் நகர் போகிறோம். என் ஹிந்தி காய்கறிக்காரனோடு பேரம் பேசுகிற ஹிந்தி, அதனால் நித்யாவிடம் கேட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். 'சுனிதா, நீ கெட்டிக்காரியாகத்தான் இருந்தாய். உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மகன் உன்னை ஏமாற்றினான்.' அவள் அழுதால் அழட்டும், கூட உட்கார்ந்திருப்பேன். இந்த டில்லியில் உன்னை நினைத்துக் கை கூப்புகிற வெளி ஆள் அவள் ஒருத்திதான். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

இப்படிக்கு,
நித்யாவின் ஆச்சி