ஆட்டு டாக்டர் சொன்ன நல்ல சேதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். போன மாதம் போனில் இதையே பொய்யாகச் சொன்னேன், இன்று உண்மையாக எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

லீவு போட்டு வருகிறேன் என்றவளை வராதே என்று கத்தினேன், அப்பா போனதும் நான் வேண்டாதவளாகிவிட்டேனா என்று நீ அழுதாய். எல்லாம் என் விரலால் வந்தது கண்ணு. வாயெல்லாம் புண்ணாகி தாயிடம் குடிக்காத ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தேன், கொஞ்ச நாளில் என் ஆள்காட்டி விரலில் கட்டி கிளம்பி ரத்தம் கசிந்தது. அப்பாவும் ஆட்டு உண்ணியை நகத்தில் நசுக்கித்தானே காய்ச்சலில் விழுந்தார், ஈறிலெல்லாம் ரத்தம் வந்துதானே போனார். என்னோடு முடியட்டும் என்று கதவைப் பூட்டிக்கொண்டேன்.

உன் அண்ணன் விடுவானா. வாசலில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். அப்பாவைத்தான் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தோம், உன்னையும் அப்படியே பாக்கச் சொல்றியாம்மா என்று கேட்டான். குட்டியைப் பார்க்க வந்த ஆட்டு டாக்டரை இழுத்துவந்து ஜன்னல் வழியாக என் விரலைப் பார்க்க வைத்தான். அவர் சிரித்துவிட்டார். குட்டி வாயில இருக்கறதுதாங்க உங்க விரல்லயும் இருக்கு, இதுக்குப் போயா கதவடைச்சீங்க என்றார். ஆட்டு வைத்தியர் பேச்சை நம்பலாமா என்று பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து அவர் சொன்னதையே சொன்னார்கள்.

கிருமியிலும் குடும்பம் உண்டாம். அப்பாவைக் கொண்டுபோனது ரத்தத்தில் இறங்குகிற குடும்பம், இது அம்மை வகைக் குடும்பமாம், பெரும்பாலும் தோலோடு நின்று தானே ஆறிவிடுமாம். நம் சொந்தக்காரர்களிலும் வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, உள்ளே வந்து குடியைக் கெடுக்கிறவர்களும் உண்டு, அப்படித்தான் போல. கட்டி இப்போது காய்ந்து உதிர்கிறது. திரும்பும்போது அப்பா கிடந்த அந்தக் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் வந்தேன். கடைசியில் அவர் கையைத் தொடக்கூட விடவில்லையே என்று நின்று அழுதேன், அழுதுவிட்டு வந்து இத்தனை நாள் விட்ட தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன்.

கோபத்தை விட்டுவிட்டு லீவு போடு. பட்டிக்குள் கையுறை இல்லாமல் நுழையாதே, உண்ணியைக் கண்டால் கையால் தொடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழுங்கள். மகள் வந்தால் கட்டிப்பிடிக்கலாமா என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டேன். விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாமாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா