புயலன்று போகாத தந்தி

செஞ்சி. 1946 ஐப்பசி, புதன் இரவு.

நேற்றுப் புயலில் சின்னப்பன் தந்தி ஆபீசுக்கு ஓடி வந்தான். பெண்சாதிக்குப் பிரசவம் சிக்கலாம். திண்டிவனம் டாக்டரம்மாவை வரச் சொல்லித் தந்தி அடிக்க வேண்டும். கருவியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். லைன் செத்துக் கிடந்தது. விடியுமுன் அவள் போய்விட்டாள்.

இன்று சாவுக்குப் போனேன். தெருவில் எல்லார் கூரையும் பறந்திருந்தது. அவன் கூரை மட்டும் நின்றது. அதைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது எங்கள் தந்திக் கம்பி.

"கம்பம் சாஞ்சி ரோட்டோரம் தொங்கினு இருந்துது சார். புள்ளத்தாச்சி நனையக் கூடாதேன்னு, வலி வர்றதுக்கு முன்னாடியே அறுத்தாந்து கட்டினேன்" என்றான். பிறகு கேட்டான்: "தந்தி ஏன் சார் போவல?"

அறுக்காமல் விட்டிருந்தால், தொங்கின கம்பியிலும் தந்தி போயிருக்கும். "புயலுப்பா" என்றேன்.

நாளைக்கு லைன்மேன் கம்பியைத் தேடிக்கொண்டு அந்தத் தெருவுக்குத்தான் வருவான்.