அத்தை உறவு

மட்டாஞ்சேரி
18-6-1982

தம்பி இசக்கிமுத்துவுக்கு அக்கா சீனியம்மாள் எழுதுவது. நாங்கள் நால்வரும் நன்றாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடைக்காரர் மருமகனாய், பாங்கில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

உனக்குப் பெண் பிறந்ததை எண்ணி மனம் குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். கடிதத்தின் மேல்பாதியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கீழ்ப்பாதியைப் படித்ததும் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

இங்கே இடவப்பாதி மழை கொட்டுகிறது. வேலனுக்கு ஏழு மாதம் முடிந்து, கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. பால் குடிக்கும்போது நறுக்கென்று கடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். தவழ ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எதையும் தரையில் வைக்க வழியில்லை. பாக்கியத்துக்கு மூன்று வயதாகியும் தம்பி தூங்கும் சேலைத் தொட்டிலில் தானும் படுக்க வேண்டும் என்று அடம். நான் திரும்பும் நேரத்தில் அவனைக் கிள்ளிவிட்டு, எறும்பு கடித்தது என்று மலையாளத்தில் கதை சொல்கிறாள்.

உன் அத்தான் மழையிலும் கானைக்குள் இறங்குகிறார். சாக்கடையைத்தான் இங்கே கானை என்பார்கள். வேலை முடிந்ததும் தெருக்குழாயில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே குழந்தைகளைத் தொடுவார். பாக்கியம் வாசலில் நின்று அவர் கையை முகர்ந்து பார்த்து, "சரி, வா" என்று உத்தரவு கொடுத்தால்தான் வேலனைத் தூக்குவார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த மனுஷன் கட்டுப்படுகிறார். அவரை உன் மாமனார் வீட்டில் முனிசிபாலிட்டி ஆபீஸில் ரைட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். பெயர் சூட்டுக்கு அவர் வராமல் இருந்தால் நல்லது, நான் மட்டும் பிள்ளைகளோடு வந்து, கேட்டால் அதையே சொல்ல வேண்டும் என்கிறாய். எழுதும்போது கை கூசவில்லையா?

போன ஆவணியை மறந்துவிட்டாயா? பாக்கியத்துக்குக் காது குத்து. வெற்றிலை பாக்கோடு ஆள் அனுப்பி, தாய்மாமன் மடி வேண்டும் என்று உன்னை அழைத்தேன். வேலனை வயிற்றில் வைத்துக்கொண்டு, நெரிசலில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய்ப் பாவாடைத் துணி எடுத்தேன். தட்டான் ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. லீவு இல்லை என்று நீ சொல்லி அனுப்பிய அதே நாளில் மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தாய் என்று பிறகு தெரிந்தது. அன்று நான் பட்ட அவமானத்தை உன் வீட்டுக்கும் கொண்டுவருவேன் என்று அப்போதே நினைத்தேன்.

பக்கத்து வீட்டு ராமபத்ரன், சுக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர், விஷயம் தெரிந்து உள்ளே வந்தார். "சேச்சி கரையண்டா. ஆங்ஙளயாயிட்டு ஞானில்லே?" என்றார். அழாதே, உடன்பிறந்தானாக நான் இல்லையா என்று கேட்டுவிட்டு, தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை உதறிப் போட்டுப் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஊசி ஏறியதும் பாக்கியம் அவர் கையைக் கடித்து, வேட்டியையும் நனைத்துவிட்டாள். அவர் அசையவில்லை. மறுகாதும் குத்தி முடிந்த பிறகே எழுந்தார். இன்றைக்குப் பாக்கியம் மாமா என்று கூப்பிடுவது அவரைத்தான். வேலனுக்குக் காது குத்துவதும் அந்த மடியில்தான். நீ தங்கக் கடுக்கன் கொண்டுவந்தாலும் இடம் காலியில்லை.

இப்போது உன் மாமியார், குழந்தை காதில் பெயர் சொல்ல அத்தை எங்கே என்று கேட்கிறார்கள். உடனே அக்கா நினைவுக்கு வந்துவிட்டாள்.

வருகிறேன். ஆனால் நீ சொன்னபடி இல்லை. நாங்கள் நால்வருமாக வருகிறோம். முனிசிபாலிட்டியில் கொடுத்த புதுக் காக்கிச் சட்டையைத்தான் உன் அத்தான் போட்டு வருவார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவரே வாயால் சொல்லட்டும். அப்போது உன் முகத்தை நான் பார்க்க வேண்டும். அதற்காகவே முன்வரிசையில் உட்காருவேன்.

பயப்படாதே, பச்சைக் குழந்தைமேல் எனக்குக் கோபம் கிடையாது. சீதாலக்ஷ்மி என்று நீங்கள் முடிவு செய்த பெயரை முறைப்படி அவள் காதில் சொல்வேன். சொல்லி முடித்ததும் அவளைத் தூக்கி, ஜவுளிக்கடைக்காரர் சொந்தம் அத்தனை பேரும் கேட்க, "என் மருமகளே" என்று கூப்பிடுவேன். மாமன் மகள் யாருக்கு முறை என்று அந்தச் சபைக்குத் தெரியும். கானை தோண்டுகிறவர் மகன் வேலன் என் இடுப்பில்தான் இருப்பான். உறவை மறைத்தாய் அல்லவா, இனி ஊரே அதைச் சொல்லட்டும்.

என் மருமகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் அதிகம் வைக்காதே. அடுத்த வாரம் சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குவோம். ஆள் அனுப்பாதே. நீயே வந்து நில். உன் முகத்தை வைத்து என் பிள்ளைகளுக்கு உன்னை அடையாளம் தெரியாது, நான்தான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் சம்பந்தி
சீனியம்மாள்