அட்டைக்கடி இல்லை

டிக்கோயா
செவ்வாய் மாலை

தங்கச்சிக்கு,

ஒரு வருடமாக நாம் பேசவில்லை. அதனால் செய்தியை நேராகவே எழுதுகிறேன். என் உள்ளங்காலில், அட்டைக்கடி என்று நான் விட்டுவைத்த கறுப்புத் தழும்பு தோல் புற்றுநோய். தொடையிடுக்கு வரை பரவிவிட்டது.

"அட்டை கடிச்சது ரெண்டு வாரத்துல ஆறிடும்க்கா, இது படருது. போயி காட்டுங்க" என்று நாம் கடைசியாகப் பேசிய அன்றே நீ சொன்னாய். உயிரியல் ஆசிரியையான எனக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் சொல்வதா என்று சீறினேன். இது வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும் நோய் என்றே நம்பியிருந்தேன். புத்தகப் படங்களிலும் அவர்கள்தான்.

நேற்று மரபணுச் சோதனை முடிவு வந்தது. வெள்ளைக்காரர்களிடம் அதிகம் காணப்படும் மரபணு மாற்றம் என் கட்டியில் இல்லை; வேறொன்று இருக்கிறது. அதற்கும் மாத்திரை உண்டு.

"எல்லாருக்கும் கேக்காது டீச்சர். உங்களுக்குக் கேக்கும் எண்டு நம்பிறன். தோட்டத்து ஆக்களில இதை ஆரும் பெரிசாப் பாக்கேல்லை" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. என் கணிப்பில் பாதிக்குப் பாதி. அது எனக்குப் போதும். திங்கட்கிழமை தொடங்குகிறேன்.

இது பரம்பரையாக வந்ததல்ல என்றும் சொன்னார். பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா பெண்களின் பாதங்களைச் சோதிக்க உங்கள் தோட்டத்துக்கு வருகிறார். அவர் கேட்டால் பெண்கள் பாதத்தைக் காட்டமாட்டார்கள்; "அட்டக்கடிதாங்க" என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு போய்விடுவார்கள். நீ கேட்டால் காட்டுவார்கள். நானும் வருகிறேன். முதலில் என் காலைக் காட்டுகிறேன். எது அட்டைக்கடி, எது இல்லை என்று நீ சொல்லிக்கொடு. நானும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா