மேடான கோடு

செப்டம்பர் 13, 2016

அன்புள்ள ரோண்டாவுக்கு,

செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் மகள் டெசாவின் பள்ளிக்கு வந்து, எழுதத் திணறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் நான். உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறீர்களாம், போனில் பிடிக்க முடியவில்லை. அதனால் அவள் சாப்பாட்டுப் பையில் இதை வைக்கிறேன்.

எட்டு வயதாகியும் அவள் எழுத்துகள் கோட்டை விட்டு ஏறி இறங்குகின்றன. பலகையைப் பார்த்து எழுதினால் பாதி விட்டுப்போகிறது. கண் நன்றாக இருக்கிறது என்கிறார் பள்ளி நர்ஸ். கண் பார்த்ததை மூளை பிரித்தறிவதில்தான் தடுமாற்றம் என்று நினைக்கிறேன். பழக்கினால் வரும். திட்டாதீர்கள், தங்கமான பிள்ளை.

அன்புடன்,
லோர்னா

அக்டோபர் 19

லோர்னா டீச்சருக்கு வணக்கம்.

நீங்கள் கொடுத்தனுப்பும் தாள்களை வாராவாரம் பிரிட்ஜில் ஒட்டுகிறேன். இந்த வாரம் ஓர் எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லையே! நின்றபடியே அழுதுவிட்டேன். சோம்பேறிக் கழுதை என்று கரித்துக்கொட்டும் அவள் அப்பாவே தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

அறுவடைக்காகப் பள்ளிக்கு விட்ட விடுமுறையில், வயலில் உருளைக்கிழங்கு பொறுக்கக் கூட்டிப்போனோம். பொழுது சாயச் சாய, காலடியில் கிடப்பதைக்கூட விட்டுவிட்டு நடந்தாள். "என்னடி, கிழங்கு கடிச்சிடுமா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். இதற்கும் பயிற்சி உண்டா டீச்சர்?

ரோண்டா

அக்டோபர் 25

அன்புள்ள ரோண்டாவுக்கு,

பொழுது சாயும்போது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளிச்சம் குறைந்ததும் காலடியில் கிடப்பதே தெரியவில்லை என்றால், இது பயிற்சியில் தீர்வதாகத் தெரியவில்லை. நர்ஸ் பார்த்தது போதாது. பாங்கோர் நகரில் குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

லோர்னா

நவம்பர் 30

டீச்சர்,

காட்டினோம். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வருகிறதாம். மருந்து கிடையாதாம். பத்து, பதினொரு வயதுக்குள் முழு இருட்டாம்.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் இருந்த தாள்களைப் பிய்த்துத் தரையில் போட்டுப் பார்த்தேன். முதலில் மெல்லிய கோடு. போகப்போகத் தடித்த கோடு. கடைசியில் பசை ஊற்றிக் காயவைத்த மேடு. அவள் கோட்டைப் பார்த்தா எழுதினாள்? தடவி எழுதியிருக்கிறாள். அவள் திணறத் திணற நீங்கள் கோட்டைத் தடிப்பாக்கினீர்கள், நான் கைதட்டினேன்.

"ஏண்டி சொல்லல?" என்றேன். "டீச்சர் அவ்ளோ சந்தோஷப்பட்டாங்க, எப்படிம்மா சொல்றது?" என்கிறாள். உங்களை நான் என்ன சொல்லித் திட்டுவது?

ரோண்டா

டிசம்பர் 6

அன்புள்ள ரோண்டாவுக்கு,

எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். முடியாத பிள்ளைக்கு வேலையை எளிதாக்கித் தருவதுதான் எங்கள் வழக்கம். அதுவே என் கண்ணை மறைத்துவிட்டது.

ஆனால் அவள் விரல்கள் கெட்டி. கொஞ்சம் பார்வை இருக்கும்போதே, விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை ஆரம்பித்துவிட வேண்டும். நீங்கள் சரி என்றால் போதும். கெஞ்சிக் கேட்கிறேன்.

லோர்னா

டிசம்பர் 8

டீச்சர்,

இனி டெசாவை உங்களிடம் அனுப்ப வேண்டாமென்று பள்ளியில் சொல்லிவிட்டேன். "எம்பொண்ணு ஒண்ணும் குருடி இல்ல" என்று அவள் அப்பா கத்துகிறார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

உங்கள் கடிதத்தை அவள்தான் ஓடிவந்து கொடுத்தாள். "டீச்சர் என்ன எழுதியிருக்காங்க, படிம்மா" என்று மடியில் ஏறி உட்கார்ந்தாள். 'பள்ளியிலேயே டெசாதான் அழகாக எழுதுகிறாள், நான் வேறு ஊருக்குப் போகிறேன்' என்று படித்துக் காட்டினேன். தாளைப் பிடுங்கிக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "எம்பேரு எங்கம்மா இருக்கு?" என்றாள்.

அவள் விரலைப் பிடித்து ஏதோ ஒரு வரியில் வைத்தேன். இனி எழுதாதீர்கள்.

ரோண்டா