லாயத்துக் கதவின் கீல்கள்

1962 மார்ச் 5
இன்றும் மழை. ஹேவர்லி மாளிகையின் குதிரை லாயத்துக்கு வரலாறு எழுத வந்து ஒரு வாரமாகிறது. என் அறிக்கையைப் பார்த்துத்தான் லாயத்தை இடிப்பதா, புதுப்பிப்பதா என்று லாம்பர்ட் பிரபு முடிவெடுப்பாராம். லாயத்து மாடியில் குடியிருக்கும் டார்க்கஸ் தேநீரோடு வந்து நின்றாள். "அளந்தது போதும் ஐயா. எங்கப்பா புகைச்ச சுங்கான் நெருப்புலதான் 1911-ல இது எரிஞ்சுதுன்னு நீங்களும் எழுதப் போறீங்களா?" அவள் அப்பா ஏமஸ், இங்கே குதிரைக்காரர். பதினோரு குதிரைகளோடு உள்ளேயே வெந்து செத்தவர். "அந்த மனுசன் சுங்கானைத் தொட்டதே கிடையாது!" எந்த மகள்தான் வேறு மாதிரி சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 8
லாய வாசலின் கல் நிலையில், வெளிப்பக்கத்தில் ஈயம் ஊற்றி அடைத்த பழைய கீல் குழிகள். உட்பக்கம் புதுக் குழிகள். கதவைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! லாயக் கதவு வெளியே திறக்க வேண்டும். எந்தத் தச்சனுக்கும் தெரியும். மிரண்ட குதிரை கதவில்தான் போய் முட்டும். அப்புறம் கதவை உள்ளே இழுப்பது யார்?

மார்ச் 9
மாளிகைக் கடிதக் கட்டில் கிடைத்துவிட்டது. 1910. லாம்பர்ட்டின் தாத்தா தச்சனுக்கு எழுதியது: புது மோட்டார் வண்டி முற்றத்தில் திரும்பும்போது கதவு இடித்து வண்ணம் உரிகிறது, எல்லாவற்றையும் உள்ளே திறக்கும்படி மாற்று. அடப்பாவி! வண்டியில் கீறல் விழக்கூடாதாம். டார்க்கஸுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இத எழுதிடுங்க ஐயா. எனக்கு அது போதும்."

மார்ச் 14
பிரபு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடிதம் அறிக்கையில இருந்தா லாயம் தரைமட்டம். அவளும் தெருவுல. யோசிச்சுக்குங்க."

மார்ச் 15
எடுத்துவிட்டேன். அவளுக்கு வீடாவது மிஞ்சட்டும். அவளுக்காகவா? பொய். இருநூறு வருஷத்துக் கட்டடம் போயிடுமேன்னுதான். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?

செப்டம்பர் 22
புதுப்பித்த லாயத்துக்குத் திறப்பு விழா. சுவரில் பித்தளைப் பலகை: ‘1911-இல் குதிரைக்காரரின் கவனக்குறைவால் எரிந்தது.’ கீழே, வரலாறு எழுதியவர் என்று என் பெயர். அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியதை எடுத்தேன், அவ்வளவுதான்.

டார்க்கஸ் பெட்டியோடு இறங்கி வந்தாள். திட்டட்டும் என்று நின்றேன். வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"கதவு இன்னும் உள்பக்கமாத்தான் தொறக்குது ஐயா. பாத்து இருங்க."