சூளையில் வைத்த கல்

விருத்தாசலம்
6.2.2006

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய், இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று பழமலைநாதரை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். பதினாலாம் தேதி ஆராய்ச்சிக் கூட்டத்தில் அந்தக் கல்லைப் பற்றி நீ பேசாதே. கம்மாபுரம் அத்தை கொல்லையில் உழும்போது கிடைத்த இரண்டு இரும்புக் கல்லில் சின்னதை என்ன கல் என்று பார்க்கச் சொல்லி உனக்கு அனுப்பினேனே, அனுப்புவதற்கு முன்னால் அதை நான் சூளையில் வைத்து எடுத்தேன். நம்மூரில் புது மண்ணோ கல்லோ கையில் கிடைத்தால் என்ன நிறம் வருகிறது, உருகுகிறதா என்று ஒரு சூட்டில் வைத்துப் பார்ப்பது உனக்குத் தெரியாததா, அந்தப் பழக்கத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை அடுக்கியிருந்த தட்டில் ஓரமாக வைத்தேன். வானத்திலிருந்து விழுந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும். வெளியே எடுத்தபோது கருப்பாகச் செதில் உரிந்தது, அழுக்காக அனுப்புவானேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வேறு வைத்தேன்.

பொங்கலன்று போனில் நீ சொன்னாய், இந்த மாதிரிக் கல்லை அறுத்து அமிலம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கோரைப்பாய் பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் படிகம் தெரியும், அது உருவாக லட்சக்கணக்கான வருஷம் மெதுவாகக் குளிர வேண்டும், இதிலோ பட்டைகள் கரைந்து ரவை ரவையாக இருக்கிறது, வானத்திலேயே இன்னொரு கல் மோதிச் சூடேறியிருக்கிறது, உன் கைடு சாரே அசந்துவிட்டார் என்று. எதுவும் மோதவில்லையம்மா, சுட்டது நான்தான். பதினெட்டில் உன்னைப் பெற்று, இடுப்பில் வைத்துக்கொண்டே கெமிஸ்ட்ரி படித்தவள், ஆயிரத்து இருநூறு டிகிரி இரும்பை என்ன செய்யும் என்று யோசித்திருக்க வேண்டாமா. அதற்கப்புறம் நாலு முறை போனில் ஆரம்பித்தேன், நீ சிரித்த சிரிப்பில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். போனா போவுது வுடு, யாருக்குத் தெரியப் போவுது என்கிறார் அப்பா. நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் பொய்க்காரி என்ற பெயர் உனக்கல்லவா வரும்.

நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். பெரிய கல்லை ஆட்டுக்கு முளை அடிக்க வைத்திருக்கிறார். நெலத்த நிலக்கரிச் சொரங்கத்துக்காரன் கேக்குறான், மொளை அடிக்கிற கல்ல நீ கேக்குறியா, படிச்சவளுக்கு வேற கல்லே ஆம்புடலியா என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய், கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்து, எம் மருமவளுக்குன்னா எடுத்துக்க, இதையும் சூளையில போட்டுடாத என்றார். அது நெருப்பே பார்த்ததில்லை, மூன்று முறை கேட்டுவிட்டேன்.

அந்தக் கல்லும், எங்கள் சூளை நோட்டின் ஜெராக்சும் இதோடு கொரியரில் வருகின்றன. 1210 டிகிரி, பதினாலு மணி நேரம், பியூஸ் கட்டை 640, கல் 1 என்று அன்றைக்கு என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அப்படியே சாரிடம் கொடு, அம்மா செய்தாள் என்று சொல், திட்டினால் பதில் பேசாதே. வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்றான் கொரியர்காரன், வரவில்லையென்றால் உடனே போன் செய். அங்கே குளிராமே, தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு லேபுக்கு ஓடாதே. பெரியதை அறுத்துப் பார்க்கும்போது அந்தப் பாய்ப் பின்னல் தெரிந்துவிட்டால் சின்னதைக் கெடுத்தது நான்தான் என்று உறுதியாகிவிடும். தெரியட்டும் என்றுதான் சாமிக்கு விளக்கு வைத்திருக்கிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பானுமதி சக்கரபாணி